முன்சக்கரம் எவ்வளவு தூரம் போகலாம்?

1949இல் ஹார்லி டேவிட்சன் தன் பெரிய வண்டிகளுக்கு முன்சக்கரத்தைத் தாங்கும் ஹைட்ராலிக் ஃபோர்க் போட்டது. எண்ணெய் நிரம்பிய இரண்டு குழாய்கள், உள்ளே ஸ்பிரிங். இன்று நம் ஊர் ஸ்பிளெண்டரின் முன்னால் இருப்பதும் அதே வகைதான். அந்த மாடலுக்கு ஹைட்ரா கிளைட் என்று பெயர். அதற்கு முந்தைய ஆண்டு வரை பெரிய ஹார்லிகளில் இருந்தது ஸ்பிரிங்கர்: இரண்டு ஜோடிக் கால்கள், மேலே வெளியில் தெரிகிற சுருள்வில்கள், கீழே சக்கர அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் சின்ன ராக்கர்கள். புதியது வந்ததும் பழையதைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டார்கள். சாப்பர் என்றால் ஆலையில் வந்த மோட்டார் சைக்கிளை வெட்டி, ஒட்டித் தன் விருப்பப்படி மாற்றியது. நீண்ட ஃபோர்க் சாப்பரின் கதையை எல்லாரும் 1969இல் வந்த ஒரு படத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் அந்தக் காயலான் கடையிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட ஹார்லிகள் மலிவாகக் கிடைத்தன. கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி முன் மட்கார்டைக் கழற்றினார்கள், பின் மட்கார்டைப் பாதியில் அறுத்தார்கள், பெட்டி, கண்ணாடி என்று ஓட்டத்துக்கு உதவாத எதையும் விட்டுவைக்கவில்லை. எடை குறைந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான் கணக்கு. பாபர் என்று பெயர் பெற்ற இந்த வண்டிகளில் ஃபோர்க்கை யாரும் தொடவில்லை.

பிறகு ஏன் நீட்டினார்கள்? தரை இடைவெளிக்காக என்பார்கள், உயரமான 21 அங்குல முன்சக்கரத்துக்காக என்பார்கள். இருக்கலாம். என் எண்ணம் வேறு. பத்து ஆண்டுகளில் எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாகிவிட்டது. பக்கத்து வண்டியும் அதேபோல் மொட்டையாக நிற்கிறது. இனி தன் வண்டி தனியாகத் தெரிய வேண்டுமானால் அதன் உருவக்கோட்டையே மாற்றினால்தான் உண்டு. கையில் மலிவான பழைய ஸ்பிரிங்கர் இருக்கிறது, வெல்டிங் தெரியும். பழைய ஃபோர்டு கார்களின் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ராடுகள் ஃபோர்க் கால்களை நீட்டுவதற்கு அளவெடுத்துச் செய்தவைபோல அமைந்தன: அடித்து உருவாக்கிய இரும்பு, மெல்லச் சரிந்து குறுகும் வடிவம். அவையும் காயலான் கடைச் சரக்குதான்.

நீளத்தை அங்குலக் கணக்கில் சொல்வார்கள். தொழிற்சாலை அளவுக்கு மேல் ஆறு அங்குலம் என்றால் ஆறு ஓவர், பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு ஓவர். (கிரிக்கெட் ரசிகர்கள் மன்னிக்கவும்.) அறுபதுகளின் நடுவில் ஆறே பெரிய விஷயம். எழுபதுகளின் நடுவில் பன்னிரண்டு என்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். படித்ததும் மெக்கானிக்கல். அதனால் இந்த நீளத்தின் கணக்கைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கணக்கு வேண்டாதவர்கள் மூன்று பத்தி தாண்டி வரலாம்.

ஹேண்டில்பார் திரும்பும் அச்சு செங்குத்துக்கோட்டிலிருந்து எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறதோ அது ரேக். அந்த அச்சை நேராகத் தரை வரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் டிரெயில். டயர் இப்படிப் பின்தங்கி வருவதால்தான் சக்கரம் தானாக நேர்ப்பட்டுக்கொள்கிறது. அலுவலக நாற்காலியின் சின்னச் சக்கரம் இழுத்த பக்கம் திரும்பிக்கொள்வதும் இதே விதிப்படிதான். இப்போது முன்சக்கரத்தின் ஆரம் பதிமூன்றரை அங்குலம், ஃபோர்க் கால்கள் அச்சுக்கு இரண்டரை அங்குலம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேக் 30 டிகிரியில் டிரெயில் சுமார் 5 அங்குலம் வரும். சாதாரண வண்டி. நெக்கை, அதாவது ஃபிரேமின் முன்னால் இந்த அச்சைத் தாங்கும் குழாயை, வெட்டி 45 டிகிரிக்குச் சாய்த்தால் டிரெயில் சுமார் 10 அங்குலம் ஆகிவிடும். நெடுஞ்சாலையில் ரயில் மாதிரி நேராகப் போகும். ஆனால் மெதுவாகத் திருப்பும்போது சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் சரிந்து விழும். ஒருமுறை ஒரு வண்டிக்காரர் தன் எழுபதுகளின் சாப்பரை வண்டி நிறுத்துமிடத்தில் தள்ளிப் பார்க்கவிட்டார். நேராகத் தள்ளும்வரை ஒன்றுமில்லை. கொஞ்சம் திருப்பியதும் ஹேண்டில்பார் என் கையைப் பிடுங்கிக்கொண்டு முழு வளைவுக்குப் போய்விட்டது. அவர் சிரித்தார். வந்தவர் எல்லாருக்கும் இதைக் காட்டுவார் போலிருக்கிறது.

டிரெயிலைக் குறைக்க ஒரு குறுக்கு வழி உண்டு. நெக்கைத் தொடாமல், ஃபோர்க்கைப் பிடிக்கும் டிரிப்பிள் டிரீயிலேயே சில டிகிரி சாய்வு வைத்துவிடுவது. அச்சின் சாய்வு மாறாது, ஃபோர்க் மட்டும் முன்னால் போகும், டிரெயில் குறையும். பெரிதும் சாய்த்த நெக்கோடு அளவாகச் சேர்த்தால் இது நல்ல வைத்தியம். சாதாரண 30 டிகிரி நெக்கில், நீளம் கூட்டாத ஃபோர்க்கோடு, அழகுக்காக மட்டும் 7 டிகிரி டிரீ மாட்டினால் டிரெயில் ஒரு அங்குலம்கூட மிஞ்சாது. நிறுத்துமிடத்தில் பூப்போலத் திரும்பும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் தலையை உதறும். பார்க்க இரண்டும் ஒரே சாப்பர்தான். எது ஆளைக் கொல்லும் என்று புகைப்படத்தில் தெரியாது.

நீளத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. குழாயின் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30 அங்குலத்தை 45 ஆக்கினால் அதே எடைக்கு மூன்று மடங்குக்கும் மேல் வளையும். அதோடு, படுத்த கோணத்தில் சாலையின் அடி ஃபோர்க்கை அமுக்குவதைவிட வளைக்கவே அதிகம் பார்க்கும். ஹைட்ராலிக் ஃபோர்க்கில் குழாய்க்குள் குழாய் வழுக்க வேண்டும். வளைந்தால் பிடித்துக்கொள்ளும், சஸ்பென்ஷன் பெயரளவுக்குத்தான். இதனால்தான் மிக நீண்ட வண்டிகளில் ஸ்பிரிங்கரும், இறுகிய சட்டம்போன்ற கால்கள் கொண்ட கர்டர் ஃபோர்க்கும் நிலைத்தன. அவற்றின் கால்கள் வழுக்க வேண்டியதில்லை, தாங்கினால் போதும். லாஸ் ஏஞ்சலஸில் சுகர் பேர் என்ற பெயரில் அறியப்பட்ட கறுப்பின பில்டர் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து நீண்ட ஸ்பிரிங்கர்களையே தன் கையெழுத்தாக வைத்துக்கொண்டார். அவர் ஃபோர்க்கின் உயிர் அடியில் இருக்கும் ராக்கரில். அதன் அளவை வைத்து டிரெயிலைச் சரிப்படுத்தினார். கண்ணை உறுத்தும் நீளம், ஆனால் சாதுவாகத் திரும்பும் வண்டி. இந்தத் துறையில் நான் யாரையாவது பொறியாளர் என்று தயங்காமல் சொல்வேன் என்றால் அவரைத்தான்.

எதிர்முனையில் இருந்தவர்கள் ஸ்லக் போட்டவர்கள். ஃபோர்க் குழாயின் மேல் முனையில் மரையுள்ள ஒரு கட்டையை முறுக்கி நீளம் கூட்டுவது. லேத்தில் அரைமணி நேர வேலை. அடி வாங்கும் இடத்திலேயே ஒரு மரையை வைத்துவிட்டு, அதன்மேல் மார்பைச் சாய்த்து ஓட்டுவது எப்படிப்பட்ட நம்பிக்கையோ எனக்குப் புரிந்ததில்லை. பல வண்டிகளில் முன் பிரேக்கும் கிடையாது. மெலிந்த சக்கரம் வெறுமையாகத் தெரிய வேண்டுமாம்.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். ஈஸி ரைடர் 1969இல் வந்தது. பீட்டர் ஃபோண்டா ஓட்டிய, டேங்கில் அமெரிக்கக் கொடி வரைந்த வண்டிதான் இன்றும் உலகம் முழுக்க சாப்பர் என்றால் மனதில் வருவது. போலீஸ் ஏலத்தில் எடுத்த பழைய ஹார்லிகளிலிருந்து அவற்றைக் கட்டியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். வாஸ் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தில் இயங்கியவர், புகைப்படக்காரர். ஹார்டி தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். படத்தின் பெயர்ப்பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஊர் பேசத் தொடங்கியது. சாப்பரை வெள்ளைக்கார முரடர்களின் சொத்தாக வரைந்த படங்களும் சட்டைகளும் இதற்குள் லட்சக்கணக்கில் விற்று முடிந்திருந்தன. படப்பிடிப்பு முழுதாக முடிவதற்கு முன்பே வண்டிகள் திருடு போயின. எரிவதுபோல் எடுத்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அதுதான் இது என்று சொல்லி 2014இல் ஒரு வண்டி 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உண்மையில் அதுவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

படம் வந்த கையோடு எல்லாருக்கும் நீளம் வேண்டியிருந்தது. எல்லாருக்கும் வெல்டிங் தெரியாதே. அதனால் பாகங்கள் அட்டவணைக்கு வந்தன. டாம் மெக்மல்லனின் ஏ.இ.இ. சாப்பர்ஸ் நீண்ட ஃபோர்க், ஃபிரேம், சீட் எல்லாவற்றையும் தபாலில் அனுப்பியது. சான் பெர்னார்டினோவில் டென்வர் மல்லின்ஸ் தன் பட்டறையில் செய்த கர்டர்களும் ஸ்பிரிங்கர்களும் நீளத்துக்கே பெயர்போனவை. 1969இலேயே ஹோண்டா சிபி750 வந்திருந்தது. ஹார்லி வாங்க வசதியில்லாத பையன்கள் அந்த நாலு சிலிண்டர் ஜப்பான் எஞ்சினுக்கு முன்னால் பதினைந்து ஓவர் மாட்டிக்கொண்டு போனார்கள். ஹார்லிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த ஹோண்டா சாப்பர்கள்தான் பிடிக்கும். எஞ்சின் எண்ணெய் ஒழுகாது என்பதும் ஒரு காரணம்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. நீண்ட ஃபோர்க்கின் மதிப்பு அதன் நீளத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதைச் செய்ய ஒரு கை தேவைப்பட்டதில் இருந்தது. நெக்கை வெட்டி, கோணம் பார்த்து, மறுபடி ஒட்டி, அந்த ஒட்டின்மேல் தன் உயிரை வைத்து ஓட்டியவனுக்கு அது பட்டயம். தபாலில் வந்த பெட்டியைப் பிரித்து மாட்டியவனும் அதே உருவத்தோடு பக்கத்தில் வந்து நின்றபோது பழைய கைகள் வேறு வடிவம் தேடிப் போய்விட்டன. ரசனை மாறியது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடமாற்றத்தைத்தான்.

வடக்கே சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் முன்பே வேறு காற்று. மேடும் பள்ளமுமான ஊர், நெரிசல். அங்கே நீண்ட ஃபோர்க் தெருவில் உதவாது. குறுகிய ஹேண்டில்பார், ஃபிரேமின் மேல் தூக்கி வைத்த சின்ன டேங்க், அளவான ஃபோர்க் என்று ஃபிரிஸ்கோ பாணி வளர்ந்தது. கார்களுக்கு இடையில் புகுந்து போக வாகான வண்டி. அதே வளைகுடாவில், சான் லியாண்ட்ரோவில், ஆர்லென் நெஸ். பவுலிங் ஆடி ஜெயித்த காசில் 1947ஆம் ஆண்டு ஹார்லி நக்கிள்ஹெட் ஒன்றை வாங்கி, வீட்டு கராஜில் பெயிண்ட் அடித்துத் தொடங்கியவர். வேறு வண்டி வாங்கக் காசில்லாததால் அதே வண்டியையே திரும்பத் திரும்பப் பிரித்துப் புது உருவத்தில் கட்டினார். எழுபதுகளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட டிகர் பாணியைப் பாருங்கள்: நீளம் உண்டு, ஆனால் அது தரையோடு படுத்த நீளம். முன்னால் மெல்லிய கர்டர், கத்திபோல ஒடுங்கிய டேங்க். தெற்குக்காரர்கள் வானத்தைப் பார்த்து நீட்டியதை இவர் அடிவானத்தைப் பார்த்து நீட்டினார். வேலைக்காகக் கலிபோர்னியா வந்த பிறகு, அங்கே டப்ளின் என்ற ஊரில் இருந்த அவர் கடையின் மாடிக்குப் போயிருக்கிறேன். அவர் கட்டிய வண்டிகளை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து நீண்ட வண்டிகளுக்கும் தொண்ணூறுகளின் வழவழப்பான வண்டிகளுக்கும் நடுவே ஒரே மனிதர் நின்றிருக்கிறார் என்பதை நம்பவே சிரமமாக இருந்தது. 2019இல் காலமானார்.

தொழிற்சாலையும் சும்மா இருக்கவில்லை. 1971இல் ஹார்லி சூப்பர் கிளைட் கொண்டுவந்தது. பெரிய வண்டியின் உடம்பில் ஹார்லியின் சின்ன வண்டியான ஸ்போர்ட்ஸ்டரின் மெலிந்த முன்பகுதி, ஹார்லியின் வடிவமைப்பாளர் வில்லி ஜி. டேவிட்சனின் கைவண்ணம். 1980இல் வந்த வைட் கிளைட்டில் நீட்டிய ஃபோர்க்கும் டேங்கில் தீச்சுவாலையும் கடையிலேயே வந்தன. 1984இல் சாஃப்டெயில்: பார்ப்பதற்குப் பின்னால் சஸ்பென்ஷனே இல்லாத பழைய ஃபிரேம், அடியில் ஒளித்துவைத்த ஷாக். 1988இல், நாற்பது ஆண்டுக்கு முன் தானே கைகழுவிய ஸ்பிரிங்கரைத் தூசிதட்டி, குரோம் பூசி, உயர்ந்த விலையில் விற்றது ஹார்லி. காயலான் கடை ஷோரூமுக்குள் வந்துவிட்டது. அந்தப் பத்தாண்டில் தெருவில் மிக நீண்ட ஃபோர்க் கண்டால் பழைய ஆள் என்று ஒதுங்கினார்கள்.

அப்புறம் டிவி. 2000த்தில் லாங் பீச்சில் சாப்பர் கட்டிய ஜெஸ்ஸி ஜேம்ஸை டிஸ்கவரி சானல் படம்பிடித்தது. 2003 வாக்கில் நியூயார்க் மாநிலத்து ஆரஞ்ச் கவுன்டி சாப்பர்ஸ் பட்டறையின் அப்பா மகன் சண்டை உலகம் முழுக்க ஓடியது. சென்னையில் கேபிள் இருந்த வீடுகளிலும் ஓடியது. சாப்பரே பார்க்காத என் தலைமுறைக்கு நெக், ரேக் எல்லாம் அறிமுகமானது அப்படித்தான். நீளம் திரும்பி வந்தது, ஆனால் வேறு ஆளாக. பின்னால் 250, 300 மில்லிமீட்டர் அகல டயர். முன்னால் பருத்த, பளபளக்கும் ஹைட்ராலிக் ஃபோர்க். தீயணைப்பு வண்டி, போர் விமானம் என்று ஆளுக்கொரு தீம். எழுபதுகளின் சாப்பர் பசித்த கொக்கு என்றால் இது விருந்து முடித்த எருமை. அகலமான பின் டயர் வண்டியைச் சாயவிடாது, நீண்ட முன்பகுதி திரும்பவிடாது. இரண்டும் சேர்ந்தால் நேர்கோடு ஒன்றுதான் வழி. கான்சஸின் பிக் டாக், டெக்சஸின் அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் போன்றவை இவற்றை ஆலைபோட்டுச் செய்தன. ஒரு வண்டி முப்பதாயிரம் டாலருக்கு மேல், வீட்டுக் கடன் எளிதாகக் கிடைத்த காலம். 2008இல் பொருளாதாரம் சரிந்ததும் அயர்ன்ஹார்ஸ் திவாலானது. பிக் டாக் 2011இல் மூடியது.

இந்தச் சரிவின் நட்டநடுவில், 2009 ஜனவரியில், ஹோண்டா ஃபியூரியை அறிமுகப்படுத்தியது. தாமதமாக வந்த கல்யாண வீட்டு மாப்பிள்ளை என்று கேலி செய்தார்கள். நான் அதை மதிக்கிறேன். ஸ்டீயரிங் அச்சு 32 டிகிரி, ஃபோர்க் 38 டிகிரி; மேலே சொன்ன டிரீ வைத்தியத்தை அளவறிந்து செய்திருக்கிறார்கள். டிரெயில் 92 மில்லிமீட்டர்தான். நீண்ட உருவம், சாதாரண வண்டியின் நடத்தை. சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட், வேண்டுமென்றால் ஏ.பி.எஸ். நாற்பது ஆண்டு சாப்பர் கணக்கின் சரியான விடை அதுதான். ஆனாலும் சாப்பர்காரர்கள் அதைத் தங்கள் கூட்டத்தில் சேர்க்கவில்லை. வெட்டியவர் யாரும் இல்லையே.

அதே 2009இல் தெற்குக் கலிபோர்னியாவில் பார்ன் ஃப்ரீ என்ற கண்காட்சி சின்னதாகத் தொடங்கியது. பெரும்பாலும் இளைஞர்கள். பான்ஹெட், ஷவல்ஹெட் என்ற பழைய ஹார்லி எஞ்சின்கள், மெலிந்த டயர், கிக்கர். கணினி வெட்டிய அலுமினியத்தைப் பார்த்துச் சலித்தவர்கள், அப்பா காலத்து ஏ.இ.இ. ஃபோர்க்கைத் தேடி பழைய சாமான் சந்தைகளில் அலைந்தார்கள். ஒரு காலத்தில் இளப்பமாகப் பார்த்த அட்டவணைச் சரக்கு இன்று அரும்பொருள். அது அரிதானதால் அதைச் சரிசெய்து ஓட்டவும் மறுபடி ஒரு கை தேவைப்படுகிறது. ஜப்பானியர்கள் இதற்கும் முன்னோடி. தொண்ணூறுகளில் ஒகஸாகியில் ஷின்யா கிமுராவின் ஸீரோ எஞ்சினியரிங், பழைய ஸ்பிரிங்கரை நீட்டாமல் அப்படியே வைத்து, நெக்கை முன்னுக்கு வளைத்து, தாழ்ந்து பதுங்கிய வண்டிகளைக் கட்டியது. நீளம் இல்லாமலும் சாப்பர் சாப்பராக இருக்கலாம் என்று அமெரிக்கர்களே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

இத்தனை அலையிலும் அசையாதவர்கள் ஸ்வீடன்காரர்கள். எழுபதுகளில் நீண்ட ஃபோர்க்கைப் பிடித்தவர்கள் இன்றுவரை விடவில்லை. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஃபிரேம், எட்டாத தூரத்தில் முன்சக்கரம், தேவையில்லாத ஒரு திருகுகூட வெளியில் தெரியாத வேலைப்பாடு. டோலெ என்ற ஸ்வீடன் பட்டறையின் ஃபோர்க்குகள் இதற்கென்றே கனத்த குழாயில் செய்யப்படுபவை. எனக்குச் சுவாரசியமாகப்படுவது அங்கே உள்ள ஏற்பாடு. வீட்டில் வண்டி கட்டுபவர்களுக்கு எஸ்.எஃப்.ஆர்.ஓ. என்று ஒரு அமைப்பு. வண்டியைப் பார்த்து, வெல்டிங்கைப் பார்த்து, சரி என்றால்தான் பதிவுக்கு வழி. குளிர்காலம் முழுக்கக் கட்டி, வேனிலில் நார்டெல்யே கண்காட்சிக்கு ஓட்டிப்போவார்கள்.

நம் நாட்டில் அந்த வழி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரித்தவர் கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதற்கு முன் மும்பையின் வர்டென்சி போன்ற பட்டறைகள் புல்லட் எஞ்சினைச் சுற்றி நீண்ட வண்டிகள் கட்டியதுண்டு. மற்றவர்களுக்கு பஜாஜ் அவெஞ்சரின் கொஞ்சம் சாய்ந்த ஃபோர்க்கே சாப்பர். ஸ்லக் முறுக்கியவர்களை நினைத்தால் சட்டத்தின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தடை போடுவதைவிட வெல்டிங்கைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளை வைப்பது மேல். கோவையில் அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

எனக்கு ஒன்று கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் என்ன கேட்பேன் என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு. சிபி750 எஞ்சின். நெக் 36 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். ஆறு ஓவர் ஸ்பிரிங்கர், டிரெயில் நாலரை அங்குலம் வரும்படி கணக்கிட்ட ராக்கர். டேங்கை ஃபிரிஸ்கோ பாணியில் தூக்கி வைக்கலாம். முன் பிரேக் கட்டாயம் வேண்டும், அதற்காகச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.